தூணின் விலாவில் ஒரு விருந்தாளி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? அண்ணன் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வீட்டை அளக்க ஆரம்பித்தாரே, முடித்துவிட்டாரா, இல்லை மொட்டைமாடி இன்னும் பாக்கியா?

நலம் விசாரிக்க மட்டும் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். காரியத்துக்கு வருகிறேன். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்தால் சில மாதங்களுக்குப் புது நட்சத்திரம் முளைத்த மாதிரி தெரியும். அந்தக் காலத்தில் அதை "விருந்தாளி" என்று எழுதி வைத்தார்கள். பிறகு அது கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் சிதறிய வாயு ஒரு வளையமாக ஆயிரக்கணக்கான வருஷம் விரிந்துகொண்டே இருக்கும், எங்கள் ரேடியோ தொலைநோக்கிக்கு அது பட்டப்பகலிலும் தெரியும். பழைய குறிப்பில் உள்ள இடமும் இன்றைய வளையமும் பொருந்திவிட்டால், அந்த வளையத்துக்குப் பிறந்த தேதி கிடைத்த மாதிரி.

உங்கள் ஆவணக் காப்பகத்தில் அரண்மனைக் கணியர்கள் வானம் பார்த்து எழுதிய தொகுதி இருக்கிறது அல்லவா? அதில் "தூண்" என்ற மூன்று நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு விருந்தாளி வந்ததாகப் பட்டியல் சொல்கிறது. அந்தப் பக்கத்தில் படமும் உண்டாம். புள்ளிகளை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்து அனுப்ப முடியுமா? என் வேலை ஜூலையோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது இந்த ஒரு வளையத்தில் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் சந்தோஷப்படுவார் என்று சொல்லாதீர்கள். அவர் என்னோடு பேச ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகிறது.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

முட்டி வலி நலம், நான்தான் சுமாராக இருக்கிறேன். உன் அண்ணன் மொட்டைமாடியை முடித்துவிட்டு இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் சுற்றுச்சுவர் நம் பக்கம் அரை விரல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் நம்மைக் கண்டாலே உள்ளே போய்விடுகிறார்.

நீ கேட்டதை எடுத்துவிட்டேன். விண்ணப்பம் இல்லாமல் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது, அதை நீ வாயைத் திறந்து யாரிடமும் சொல்லிவிடாதே. படத்தில் தூண் செங்குத்தாக மூன்று புள்ளி, அதன் இடப்புறம் பெரிய புள்ளி ஒன்று. அவ்வளவுதான். கூடவே ஒரு வரி: "தூணின் விலாவில் விருந்தாளி நின்றான், மழைக்காலம் முழுவதும் நின்றான்." எந்த விலா என்று எழுதவில்லை. மனிதனுக்கு இரண்டு விலா உண்டு என்பது அந்தக் கணியருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஆனால் "நின்றான்" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறார். நகரவில்லை, அதனால் வால்நட்சத்திரம் இல்லை. நல்ல சேதிதானே?

உறைக்குள் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். எனக்கு இந்த வாரம் காப்பகத்தில் தலைக்கு மேல் வேலை. உன் அண்ணனே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன் என்கிறார். "பாப்பாவுக்குத்தானே, நான் போடறேன்" என்றார். ஏழு வருஷம் உன் பேரைச் சொல்லாத மனுஷன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


மார்ச் 18

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான், ஆனால் சோர்வு. உங்கள் இருவருக்கும் என் விசாரிப்பு.

தாள் பத்திரமாக வந்தது. திசைக்குறிகளைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வானப் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும், அதனால் அதில் கிழக்கு இடப்பக்கம் இருக்கும். நிலப்படத்துக்கு நேர்மாறு. உங்கள் தாளில் கிழக்கு வலப்பக்கம். வான உருண்டை ஒன்றைச் செய்து, அதை வெளியிலிருந்து பார்த்து வரைந்தால் அப்படி வரும். அந்தக் கணியரிடம் உருண்டை இருந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டி, அதற்கு நீளமாக ஒரு விளக்கமும் எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். "பலே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

அந்தக் கணக்குப்படி விருந்தாளி தூணுக்கு மேற்கே. ஒரே ஒரு இடத்தைப் பார்க்கத்தான் எனக்கு நேரம் கொடுத்தார்கள். மேற்கே பார்த்தேன். ஒன்றும் இல்லை அண்ணி. துடைத்துவிட்ட பலகை மாதிரி வெறும் வானம். அடுத்த வாய்ப்பு அடுத்த வருஷம்தான், அடுத்த வருஷம் நான் இங்கே இருந்தால்.

மூலப் பக்கத்தில் குறிகள் எப்படி இருக்கின்றன என்று இன்னொரு தடவை பார்த்து உடனே எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இங்கே ஒரே அமளி. காப்பகத்தின் மேல்தளத்தில் குழாய் கசிந்து, கீழே இருந்த பெட்டிகள் நனைந்துவிட்டன. தாள் தாளாகப் பிரித்து, நடுவே ஒற்றுத்தாள் வைத்து, மின்விசிறிக்கடியில் காய வைத்துக்கொண்டிருக்கிறோம். கட்டடப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, "தண்ணிதானே, காஞ்சிடும்" என்றார். அவரையும் காய வைத்திருப்பேன்.

உன் அண்ணனுக்கு லேசாகச் சளி. மற்றபடி நன்றாக இருக்கிறார். ஒவ்வொரு நாளும் தபால்காரரை வாசலில் நின்று எதிர்பார்க்கிறார்.

அந்தத் திசைக்குறிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. முடிந்தால் கிழக்குப் பக்கமும் பார். சரியாகச் சாப்பிடு.

உன் அண்ணி


மே 2

அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு மாதத்துக்கு மேல் காக்க வைத்து, குழாய் கசிந்த கதையை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு வரி, அதுவும் பூசி மெழுகிய வரி. "முடிந்தால் கிழக்குப் பக்கமும் பார்." தொலைநோக்கி என்ன, என் வீட்டு ஜன்னலா?

நேற்று இங்கே ஒரு கருத்தரங்கு. உங்கள் தம்பி பேசினார். அவரும் எங்கள் துறைதான், ஆனால் பழைய வானப் பதிவுகளில் அவருக்கு ஆர்வம் இருப்பதே எனக்குத் தெரியாது. மேடையில் அந்தப் பக்கத்தின் படத்தையே போட்டார். தூண், விலா, விருந்தாளி எல்லாம். தூணுக்குக் கிழக்கே மங்கலாக ஒரு வளையம், விரிகிற வேகமும் அதே காலத்தைக் காட்டுகிறது. கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "நீங்க மேற்கே தேடினீங்கல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்று சிரித்துவைத்தேன். கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் உங்கள் காப்பகத்துக்கு நன்றி சொன்னார். நேராகவே கேட்கிறேன். அவர் எப்போது அங்கே வந்தார்? ஏன் என்னிடம் சொல்லவில்லை? கிழக்கைப் பார் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நாத்தனார்


மே 15

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நீ நலமாக இல்லை என்று தெரிகிறது.

என் தம்பி ஜனவரியில் வந்தான். நீ எனக்கு எழுதுவதற்கு முன்னால். முறையாக விண்ணப்பம் கொடுத்து, வாசகர் அறையில் உட்கார்ந்து, தானே பார்த்துக் குறித்துக்கொண்டு போனான். ஒருவர் என்ன பார்க்கிறார் என்று இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. நீ அந்தப் பக்கத்தைக் கேட்கிறாய் என்று அவனிடமும் சொல்லவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அது சுலபம் என்று நினைக்காதே.

மூலப் பக்கத்தில் திசைக்குறி எதுவும் இல்லை. தாளில் இருந்தது என் தவறு. ஏதோ ஞாபகத்தில் நிலப்படம் மாதிரி போட்டுவிட்டேன். உன் மார்ச் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் நீ பார்த்து முடித்திருந்தாய். எப்படி எழுதுவது என்று தெரியாமல் குழாயைப் பற்றி எழுதினேன். என்னை மன்னித்துவிடு.

இதை உன் அண்ணனுக்கு எழுத வேண்டாம். அவருக்கு இதெல்லாம் புரியாது, வீணாகக் கவலைப்படுவார்.

உன் அண்ணி


மே 22

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

"ஏதோ ஞாபகத்தில்." இருபது வருஷமாக வானப் படங்களுக்கு நடுவிலேயே வேலை பார்க்கிறவர் நீங்கள். கல்யாணமாகி வந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, வானப் படத்தில் கிழக்கு ஏன் இடப்பக்கம் என்று சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். ஒரு நாளிதழைக் கூரையைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக் காட்டினீர்கள். அந்தக் கை எப்படித் தவறும்? மறதியாம். எந்த மடையன் நம்புவான்?

கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது. உங்கள் தம்பி கண்டுபிடித்து முடிக்கும் வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ரத்தம் ரத்தம்தான். நான் வெறும் நாத்தனார். அண்ணனுக்கு எழுத வேண்டாம் என்று ஏன் கெஞ்சுகிறீர்கள் என்றும் இப்போது புரிகிறது.

மேற்கைத் தேர்ந்தெடுத்தது எப்படி என்று இங்கே குழு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. காப்பக ஊழியர் ஒருவர் விண்ணப்பம் இல்லாமல், தவறான குறிகளோடு நகல் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறேன். தட்டச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. அதனால் உங்கள் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

நாத்தனார்


மே 29

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதுங்கள். நீங்கள் எழுதியதில் விண்ணப்பம் இல்லாமல் கொடுத்தேன் என்பது முழு உண்மை. காப்பகத்தில் கேட்டால் ஒப்புக்கொள்வேன்.

மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணனை மட்டும் இதில் இழுக்க வேண்டாம். இது ஒன்றுதான் நான் கேட்பது.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அண்ணி


ஜூன் 3

என் அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அலுவலகத்தில் அறிக்கை எழுதித்தான் பழக்கம். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் எழுதுவது உன் அண்ணிக்குத் தெரியாது. கொஞ்ச நாளாக அவள் சரியாகப் பேசுவதில்லை. என்ன என்று கேட்டால் "காப்பகத்தில் வேலை" என்கிறாள். உன் கடிதம் வந்தால் சமையலறையில் நின்று படிக்கிறாள், என்னிடம் காட்டுவதில்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவதா, என்னிடம் மறைக்கிறீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. இருந்தால் சொல்லிவிடு, கிளம்பி வருகிறேன்.

இன்னொரு விஷயம். பிப்ரவரியில் உன் அண்ணி உனக்கு அனுப்பிய படத்தை ஒட்டும் முன்னால் எடுத்துப் பார்த்தேன். இத்தனை படித்தவள், திசை போடாமலே அனுப்பப் பார்த்தாள். திசை இல்லாத படத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? எங்கள் துறையில் அப்படி ஒரு படம் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம். அதனால் மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்கு என்று நானே மெல்லிய பென்சிலால் அம்புக்குறி போட்டு, "வ", "கி" என்று எழுதிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் "உங்க அளவைப் புத்தியை விட மாட்டீங்களே" என்று சிரிப்பாள்.

முப்பது வருஷம் நிலம் அளந்திருக்கிறேன், உன் வேலைக்கு ஒரு துரும்பும் கிள்ளிப் போட்டதில்லை. அப்போது வானத்தை வெறிக்கிற வேலை என்று உன்னை ஏசினேன். அதை நினைத்து இப்போதும் வருத்தப்படுகிறேன். நான் போட்ட குறி உனக்கு உதவியாக இருந்ததா? நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுது.

உன் அண்ணன்


ஜூன் 10

என் அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைச் சமையலறையில் நின்றே படியுங்கள். அவர் பார்க்க வேண்டாம்.

அண்ணன் எனக்குக் கடிதம் எழுதினார். உங்களுக்குத் தெரியாமல். என்ன எழுதியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, மார்ச்சிலிருந்தே உங்களுக்குத் தெரியும். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும் அண்ணி. அந்தக் "கி"யின் கொக்கியைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனாலும் பென்சில் எழுத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றவில்லை. வான உருண்டையைப் பற்றி எழுதுகிற அவசரத்தில், என் கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கவில்லை. கிழக்கு வலப்பக்கம் இருக்கிறதே என்று ஒரு வரி உங்களைக் கேட்டுவிட்டு அப்புறம் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளை கூடக் கேட்டிருக்கும்.

விளக்கக் கடிதம் தட்டச்சு அறையிலேயே இருந்தது. வாங்கிக் கிழித்துப் போட்டேன். வேறு எழுதிக் கொடுத்தேன்: மூலத்தைச் சரிபார்க்காமல் நான்தான் திசையை ஊகித்தேன், தவறு முழுக்க என்னுடையது. நேற்று முடிவு வந்தது. நீட்டிப்பு இல்லை. இயக்குநர் கை குலுக்கினார், அந்தக் கையில் அனுதாபம் இருந்தது. உங்கள் தம்பிக்கு வாழ்த்து எழுதிவிட்டேன். வளையம் நல்ல வளையம், அதைக் கண்டுபிடித்தது நியாயமாகத்தான்.

அண்ணனுக்கு இன்றைக்கே பதில் போட்டிருக்கிறேன். "உங்கள் குறி மிகவும் உதவியாக இருந்தது அண்ணா, அது இல்லாவிட்டால் எங்கே பார்ப்பது என்றே தெரிந்திருக்காது" என்று. வேலையை நானே விட்டுவிட்டு வருகிறேன், அலுத்துவிட்டது என்று அவரிடம் சொல்லப் போகிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

உங்களைப் பற்றி நான் எழுதியதை என்னால் திருப்பி எடுக்க முடியாது. ரத்தம் ரத்தம்தான் என்று எழுதினேன். அவருக்காகவும் எனக்காகவும் நீங்கள் பழியைத் தாங்கிக்கொண்டிருந்தபோது அதை எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன். உள்ளே விடுவீர்களா?

உங்கள் நாத்தனார்


ஜூலை 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். இது உன் வீடு, உள்ளே விடுவீர்களா என்று கேட்டால் உதைப்பேன். நீ எழுதியதற்கு நான் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். அழுது முடித்தாகிவிட்டது. இனி அதைப் பற்றி ஒரு பேச்சு வேண்டாம்.

ஆனால் இங்கே ஒன்று நடந்துவிட்டது, நீ தெரிந்துகொண்டு வர வேண்டும். உன் பதில் வந்த நாளிலிருந்து உன் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, சுற்றுச்சுவர் விவகாரத்தையே மறந்துவிட்டு, "என் தங்கச்சி ஆராய்ச்சியில என் பங்கும் இருக்கு சார்" என்றார். நீ வந்தால் பேச வேண்டும் என்று நூலகத்திலிருந்து ஒரு வானவியல் புத்தகம் எடுத்து வந்தார். நான் புரட்டிப் பார்த்தேன். வானப் படத்தை எப்படிப் பார்ப்பது என்பது மூன்றாம் அத்தியாயம்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று கத்தரியைக் கையில் எடுத்தேன். தாளைக் காப்பாற்றியே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினவள், கை வரவில்லை. புத்தகத்தை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். கண்டுபிடித்துவிட்டு, "இது எப்படி இங்க வந்துச்சு?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது, நாற்காலியில் சாய்ந்து, புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் காபி போட்டு எடுத்து வரும் வரை கையை இறக்கவில்லை.

சாப்பிடும்போது கேட்டார். "உதவியா இருந்துச்சுன்னு அவளாத்தான் எழுதினாளா? இல்ல, நீ சொல்லிக் கொடுத்தியா?"

"அவளாத்தான்."

"வேலைய அவளா விட்டாளா?"

"அலுத்துப் போச்சாம்."

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "பாப்பாவுக்குப் பொய் சொல்ல வராது" என்றார். நான் ஆமாம் என்றேன். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டார். மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்றிலிருந்து உன் அறைக்கு வெள்ளை அடிக்கிறார். ஆள் வைக்கலாம் என்றேன், கேட்கவில்லை. என்னையும் உள்ளே விடவில்லை. மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. பிரஷைக் கையில் பிடித்தபடி, சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நீயும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

உன் அண்ணி